பயணியின் பணம் முதலில் யார் கைக்குப் போகிறது?

ஊர்ச் சுற்றுலாவும் ஏழைக் குடும்பங்களின் வருமானமும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள்

கேள்வி: எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் சுருளி அருவி, திராட்சைத் தோட்டங்கள், மேகமலை ஆகியவற்றை இணைத்துச் சுற்றுலாவைப் பெரிய அளவில் வளர்க்க வேண்டும் என்று பலரும் பேசுகிறார்கள். கூட்டம் பெருகினால் தோட்டக் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் தானாகவே பலன் கிடைத்துவிடும் என்கிறார்கள். இது சரிதானா?
(வாசகர், கம்பம்)

பதில்: ‘தானாகவே’ என்ற அந்த ஒரு சொல்லோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை. கூட்டம் பெருகுவதும் ஏழையின் வருமானம் பெருகுவதும் இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகள். முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடக்கும் என்று எண்ணித் திட்டமிட்ட ஊர்களில், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு விடுதிகளும் நிலத்தின் விலையும் உயர்ந்திருக்கும். தோட்டக் கூலிக்குப் போனவர் அதே கூலிக்கோ, அல்லது விடுதியில் துணி துவைக்கும் வேலைக்கோ போய்க்கொண்டிருப்பார்.

காரணத்தை ஒரு பயணியின் ஒரு நாளை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். அவர் நகரத்தில் இருந்தபடியே இணையத்தில் அறையைப் பதிவு செய்கிறார். அதில் ஒரு பங்கு பதிவு நிறுவனத்துக்குக் கமிஷனாகப் போய்விடுகிறது. வாடகைக் கார் மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிறது, ஓட்டுநரும் அங்கிருந்தே வருகிறார். விடுதியின் உரிமையாளர் வேறு ஊரில் இருக்கிறார். சமையலறைக்கு வேண்டிய அரிசியும் காயும் கோழியும் மொத்த வியாபாரியிடமிருந்து வண்டியில் வந்து இறங்குகின்றன. ஊருக்குள் பயணி தன் கையால் பணத்தை எடுத்து ஊர்க்காரர் கையில் கொடுப்பது, அருவிக்குப் போகும் வழியில் ஒரு தேநீரும் ஒரு கிலோ திராட்சையும் வாங்கும்போது மட்டும்தான். அவர் செலவிட்ட மொத்தத் தொகையில் பெரும்பகுதி ஊரைத் தொடாமலே வெளியே வழிந்துவிடுகிறது. பொருளாதார அறிஞர்கள் இதைக் ‘கசிவு’ என்கிறார்கள்; ஓட்டைக் குடத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிறையாது என்பதை நம் கிராமத்தில் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே திட்டமிடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எத்தனை பேர் வருவார்கள்?’ என்பது அன்று. ‘வருகிறவர் கொடுக்கும் பணம் முதலில் யார் கைக்குப் போகிறது, அங்கிருந்து எத்தனை ஊர்க் கைகளுக்கு மாறுகிறது?’ என்பதே. 1999-ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டன் அரசின் வளர்ச்சித் துறை ஆதரவில் நடந்த ஆய்வுகளிலிருந்து ‘ஏழைகளுக்கான சுற்றுலா’ என்ற சொல் பரவலானபோதும் அதன் உள்ளே இருந்த கேள்வி இதுதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ‘அதிகம் செலவழிக்கும் பயணிகளையே வரவழைக்க வேண்டும்’ என்ற எண்ணம் திட்டம் தீட்டுகிறவர்களிடம் மிகுதியாக உண்டு. ஆனால் பேருந்தில் வந்து அருவியில் குளித்துவிட்டு, அவித்த சோளமும் மாங்காய்க் கீற்றும் பூவும் வாங்கிக்கொண்டு போகும் சாதாரணக் குடும்பம்தான் முதலீடு இல்லாத தெரு வியாபாரிக்கு நேரடி வாடிக்கையாளர். சொகுசு விடுதியின் மதிற்சுவருக்குள்ளேயே உண்டு, குளித்து, உறங்கித் திரும்புகிறவர் அந்த வியாபாரியைப் பார்ப்பதே இல்லை. சுருளிக்குத் தை, ஆடி அமாவாசைகளில் வரும் கூட்டத்தை ‘தரமற்ற கூட்டம்’ என்று ஒதுக்கிவிட்டு வரைகிற திட்டம், ஏழையின் பெட்டிக்கடையையும் சேர்த்தே ஒதுக்குகிறது.

கேள்வி: ஏழைக் குடும்பங்களுக்கு உண்மையாகவே வருமானம் போய்ச் சேர்ந்த ஊர் ஏதாவது அருகில் இருக்கிறதா? எப்போதும் வெளிநாட்டு உதாரணங்களையே படித்துச் சலித்துவிட்டது.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: இருக்கிறது. கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்தில், வேம்பநாட்டுக் காயலின் கரையில் இருக்கும் குமரகம். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எப்படித் தவறி, எப்படித் திருந்தி, எந்த இடத்தில் நின்றுபோனது என்பதை அறிந்துகொண்டால், இந்தப் பொருளில் நமக்கு வேண்டிய பாடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குமரகம் குட்டநாட்டு நீர்வெளியோடு சேர்ந்த பகுதி. கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலத்தில் வரப்பெழுப்பி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி நெல் விளைவிக்கும் குட்டநாட்டு வேளாண்மையை, 2013-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. காயலில் கரிமீனும் கருப்புச் சிப்பியும் எடுப்பவர்கள், தென்னை ஏறுகிறவர்கள், கயிறு திரிப்பவர்கள், தாழை மடலில் பாய் முடைகிறவர்கள், வயல் கூலிகள் ஆகியோர்தான் அங்கு வாழ்ந்த எளிய மக்கள். 1990-களில் விடுதிகள் வரத் தொடங்கின. முன்பு நெல் மூட்டை ஏற்றிச் சென்ற, ஆணியே அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைக் கட்டிய கெட்டுவள்ளங்கள் படகுவீடுகளாக மாறின. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் பிரதமர் வாஜ்பாய் அங்கு வந்து தங்கியபோது குமரகத்தின் பெயர் நாடெங்கும் பரவியது.

பெயர் பரவிய அளவுக்கு ஊர்க்காரர்களின் கசப்பும் வளர்ந்தது. நெல் வயல்கள் கைமாறின, பல தரிசாகக் கிடந்தன. காயலுக்கு இறங்கும் வழிகள் சில விடுதிகளின் மதிலுக்குப் பின்னால் போயின. படகுவீடுகளின் கழிவு, மீனவர் வலை வீசும் தண்ணீரிலேயே கலந்தது. வேலை என்று கிடைத்ததோ மிகக் கீழ்நிலை வேலைகள். உள்ளூர் மக்களுக்கும் விடுதிகளுக்கும் இடையே போராட்டங்கள் மூண்டன.

இந்த நிலையில்தான் 2007 பிப்ரவரியில் கேரள அரசு திருவனந்தபுரத்தில் ஒரு கலந்தாய்வைக் கூட்டி, ‘பொறுப்புச் சுற்றுலா’ என்ற முயற்சியைக் குமரகம், கோவளம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் தொடங்க முடிவு செய்தது. குமரகத்தில் அவர்கள் கையில் எடுத்த முதல் கருவி மிகச் சாதாரணமானது: விடுதிகளின் சமையலறைக் கொள்முதல் பட்டியல். விடுதிகள் தினமும் வாங்கும் காய்கறி, வாழையிலை, தேங்காய், மீன், முட்டை ஆகியவற்றில் எதை ஊரிலேயே விளைவிக்க முடியும் என்று கணக்கெடுத்தார்கள். 1998-இல் தொடங்கப்பட்டு ஏற்கெனவே ஊரெங்கும் வேர்விட்டிருந்த, கேரள அரசின் வறுமை ஒழிப்பு இயக்கமான குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்களிடம் பயிரிடும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. விடுதிகள், ஊராட்சி, குடும்பஸ்ரீ ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்த குழுக்கள் விலையையும் தரத்தையும் முடிவு செய்தன. 2008-இல் பெண்கள் விளைவித்த காய்கறி விடுதிகளின் வாசலுக்குப் போகத் தொடங்கியது.

தொடக்கம் இனிமையாக இல்லை. விடுதிக்குத் தினமும் குறித்த நேரத்தில், குறித்த அளவு பொருள் வேண்டும். வீட்டுத் தோட்டமோ ஒரு வாரம் அள்ளிக் கொடுக்கும், மறுவாரம் மழையில் அழுகிவிடும். விருந்தினர் குறையும் பருவத்தில் கொள்முதலும் குறைந்தது. பலரும் இந்த இடத்தில்தான் ‘இந்த மக்களுக்கு வியாபாரம் தெரியாது’ என்று கைகழுவிவிடுவார்கள். குமரகத்தில் அப்படிச் செய்யவில்லை. எந்தக் குழு எந்த மாதம் எதை நடுவது என்று பயிர் நாட்காட்டி போன்ற முறையை ஊராட்சி வகுத்தது. தரிசு நிலங்களைப் பயிருக்குக் கொண்டுவந்தார்கள். பொருளைச் சேகரித்து விடுதிகளுக்கு அனுப்பப் பெண்களே நடத்தும் ‘சம்ருத்தி’ என்ற கடையை அமைத்தார்கள். மிச்சமான காய் வீணாகாமல் ஊர்ச் சந்தையிலும் விற்றது. உள்ளூர் உற்பத்திக்கு வெறும் வாங்குபவர் மட்டும் போதாது, நடுவில் ஒரு சேகரிப்பு அமைப்பு வேண்டும் என்பதை அந்தக் கடையே கற்றுத்தந்தது.

இதற்குப் பிறகுதான் இரண்டாம் படியாகக் கிராம வாழ்க்கையைக் காட்டும் சுற்றுப்பயணங்கள் வந்தன. கயிறு திரிக்கும் வீட்டுக்கும், ஓலை பின்னும் வீட்டுக்கும், கள் இறக்கும் தோப்புக்கும் பயணிகளை அழைத்துப்போனார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வருகைக்கான தொகை கொடுக்கப்பட்டது. உலகச் சுற்றுலா அமைப்பின் 2013-ஆம் ஆண்டுக்கான யுலிசஸ் விருது இந்த முயற்சிக்காகக் கேரளத்துக்குக் கிடைத்தது. 2017-இல் மாநிலம் முழுவதற்குமான பொறுப்புச் சுற்றுலா இயக்கமும் உருவானது.

எங்கே நின்றுபோனது என்றும் சொல்ல வேண்டும். கைமாறிய நிலம் திரும்பி வரவில்லை. படகுவீடுகளின் எண்ணிக்கையும் காயலின் மாசும் இன்னும் தீராத சிக்கல்களாகவே இருக்கின்றன. காயல் கெட்டால் சிப்பி எடுப்பவரின் வயிறுதான் முதலில் காயும். பயிரிட ஒரு சிறு துண்டு மண்ணாவது இருந்தவர்களுக்குக் கொள்முதல் திட்டம் எளிதாக எட்டியது, எதுவுமே இல்லாதவர்களுக்கு அவ்வளவு எளிதாக எட்டவில்லை என்பது என் மதிப்பீடு. ஆனாலும் ஒன்று உறுதி: விடுதிகளை எதிர்த்து நின்ற ஊர், விடுதியின் செலவுக் கணக்கில் தன் பெயரை எழுதவைத்தது. அதைச் செய்தது விளம்பரமோ பயிற்சி முகாமோ அன்று. ஊராட்சியின் தலைமையும், ஏற்கெனவே திரண்டிருந்த பெண்களின் அமைப்பும்தான். குடும்பஸ்ரீ இல்லாத குமரகத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நம்மிடமும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. ஆனால் சுற்றுலாத் திட்டக் கூட்டங்களுக்கு அவர்களை அழைக்கும் வழக்கம் மிகவும் குறைவு.

கேள்வி: எங்கள் மலையில் ஒரு பெரிய விடுதியின் எதிரிலேயே கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. ஆனால் அந்த விடுதிக்குக் காய்கறி சமவெளியிலிருந்து வண்டியில் வருகிறது. இதைவிட அநியாயம் உண்டா?
(வாசகர், உதகமண்டலம்)

பதில்: நானும் இதே காட்சியைப் பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மலையூரில் பார்த்துக் கோபப்பட்டு, அந்த விடுதியின் கொள்முதல் பொறுப்பாளரிடமே காரணம் கேட்டேன். அவர் பொறுமையாக மூன்று விஷயங்களைச் சொன்னார். விடுதி பணம் கொடுப்பது பில் வந்து முப்பது, நாற்பத்தைந்து நாட்களுக்குப் பிறகு. எதிர்த் தோட்டத்துக்காரருக்கு அன்றைய காய்க்கு அன்றே பணம் வேண்டும். விடுதிக்கு இருபது வகைக் காயும் ஒரே வண்டியில் வர வேண்டும். தோட்டத்துக்காரரிடம் இரண்டு வகைதான் இருக்கிறது. கணக்குத் தணிக்கைக்கு முறையான பில் வேண்டும். அவரிடம் பில் புத்தகம் இல்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அநியாயம் இருக்கிறது, ஆனால் அது மனிதர்களின் மனத்தில் இருப்பதைவிடப் பணம் கொடுக்கும் முறையில்தான் அதிகம் இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ மகளிர் கூட்டமைப்போ நடுவில் நின்று, சிறு விவசாயிக்கு அன்றே பணம் கொடுத்து, விடுதியிடம் மாதக் கடைசியில் வசூலித்துக்கொள்ள ஒரு சுழல்நிதி இருந்தால் மூன்று தடைகளும் விலகிவிடும். சாலை விளக்குக்கும் செல்ஃபி மேடைக்கும் ஒதுக்கப்படும் தொகையோடு ஒப்பிட்டால் இந்தச் சுழல்நிதி மிகச் சிறியது. ஆனால் திறப்பு விழா நடத்த அதில் எதுவும் இருக்காது. அதனாலேயே திட்ட அறிக்கைகளில் அது இடம் பெறுவதில்லை என்று அஞ்சுகிறேன்.

கேள்வி: காட்டை நம்பி வாழும் பழங்குடி மக்களுக்குச் சுற்றுலா நன்மை செய்யுமா? காப்பகம் என்று அறிவித்து அவர்களை வெளியேற்றுவதைத்தானே பார்க்கிறோம்?
(வாசகி, தேனி)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. நன்மை வந்த ஓர் இடமும் உங்கள் மாவட்டத்தின் எல்லையிலேயே இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையால் உருவான ஏரியைச் சுற்றியுள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தைத்தான் சொல்கிறேன். அந்த ஏரியின் தண்ணீரில் உங்கள் பள்ளத்தாக்கின் வயல்கள் விளைகின்றன. அந்தக் காட்டில் தமிழோடு நெருங்கிய உறவுடைய மன்னான், பளியர் மக்கள் வாழ்கிறார்கள். முன்பு காட்டின் உள்ளே இருந்த அவர்கள் தேக்கடி ஓரத்துக்கு இடம் மாற்றப்பட்டவர்கள்.

1990-களின் இறுதியில் உலக வங்கி உதவியோடு அங்கு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் இரண்டு செயல்களை முக்கியமாகக் கருதுகிறேன். காட்டில் ‘வயணா’ என்னும் இலவங்க வகை மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று, வழக்குகளில் சிக்கி, வீட்டில் தங்க முடியாமல் அலைந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வனத்துறையிடம் சரணடைந்தார்கள். அவர்கள் மேல் இருந்த வழக்குகளைக் கைவிட்டு, காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த அந்த அறிவையே தொழிலாக்கி, பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அவர்களை மாற்றினார்கள். இரவில் காட்டில் தங்கும் நடைப்பயணம் அவர்களுடைய பொறுப்பில் நடந்தது. கிடைத்த வருமானம் அவர்களின் குழுவுக்கு வந்தது.

மற்றது மிளகு. பழங்குடிக் குடும்பங்கள் தங்கள் மிளகுக் கொடியை வியாபாரிகளிடம் முன்பணத்துக்கு அடகு வைத்து, விளைந்ததை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குழுவின் வழியாக அந்தக் கடன்களைத் தீர்த்து, மிளகைக் கூட்டாக விற்க வழி செய்தார்கள். இது சுற்றுலாவே அல்லவே என்று கேட்கலாம். கடனில் இருப்பவருக்குப் பயணிகளிடமிருந்து எவ்வளவு வந்தாலும் அது வட்டிக்காரரின் வீட்டுக்குத்தான் போகும். ஆகவே கடனைத் தீர்ப்பதைச் சுற்றுலாத் திட்டத்தின் முதல் அத்தியாயமாகவே நான் கருதுகிறேன்.

2004-இல் வெளியுதவி முடிந்தபோது இந்தக் குழுக்கள் கலைந்துபோகாமல் இருப்பதற்காகப் பெரியாறு அறக்கட்டளை உருவாக்கப்பட்டது. நுழைவுக் கட்டணத்தோடு வசூலிக்கப்படும் ஒரு சிறு கூடுதல் தொகை அதற்குப் போகிறது. நிதி நின்றதும் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும் எத்தனையோ திட்டங்களைப் பார்த்தவன் என்ற முறையில், இந்த ஏற்பாட்டை உயர்வாக மதிக்கிறேன். ஒரு குறையும் உண்டு. 2002 முதல் ‘வசந்த சேனை’ என்ற பெயரில் அங்குள்ள பெண்கள் சந்தன மரங்களைக் காக்கக் காட்டில் ரோந்து போகிறார்கள், ஊதியம் இல்லாமல். அவர்களின் ஈடுபாட்டை வணங்குகிறேன். ஆனால் ஆண்களின் ரோந்துக்குக் கூலியும் பெண்களின் ரோந்துக்குப் பாராட்டும் என்பது சரியாகாது.

நம் மாநிலத்தில் இதைக் கேட்கச் சட்ட வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தனிநபர் நில உரிமையோடு சமூக வன உரிமையையும் தருகிறது; அந்த உரிமைக் கோரிக்கையைத் தொடங்கும் இடம் கிராம சபை. உரிமை கையில் வந்த பிறகு சுற்றுலாவைப் பேசுங்கள். உரிமையில்லாத இடத்தில் வழிகாட்டி வேலை என்பது, அதிகாரி மாறினால் பறிபோகும் வேலை.

கேள்வி: பூம்பாறையில் எங்களுக்கு ஒரு சிறிய வீடு இருக்கிறது. வீட்டிலேயே பயணிகளைத் தங்கவைக்கும் ‘ஹோம்ஸ்டே’ ஏழைகளுக்கு ஏற்ற தொழில் என்கிறார்கள். இப்போது கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்த பிறகு அதற்கு எதிர்காலம் உண்டா?
(வாசகி, கொடைக்கானல் மேல்மலை)

பதில்: உங்கள் வீட்டில் தனி அறையும் தனிக் கழிப்பறையும் மிச்சமாக இருந்தால் தொடங்கலாம்; மத்திய அரசின் விருந்தினர் இல்லத் திட்டத்தில் ஆறு அறைகள் வரை அனுமதி உண்டு. ஆனால் ‘ஏழைகளுக்கு ஏற்ற தொழில்’ என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒற்றை அறையில் ஐந்து பேர் படுத்துறங்கும் குடும்பத்திடம் விருந்தினருக்குக் கொடுக்க எந்த அறை இருக்கிறது? நேபாளத்தில் 1997-இல் ஊர்கூடி ஹோம்ஸ்டே தொடங்கிப் பெயர்பெற்ற சிருபாரி கிராமத்தின் பின்னணியில் ஓய்வுபெற்ற கூர்க்காப் படைவீரர்களின் ஓய்வூதியம் இருந்தது. வீடு நன்றாக இருந்தவர்களால்தான் விருந்தினரை ஏற்க முடிந்தது.

ஆனால் அதே சிருபாரியிலும், பனிச்சிறுத்தைகளின் நாடான லடாக் கிராமங்களிலும் நம்மால் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வழக்கம் உண்டு. விருந்தினர் தமக்குப் பிடித்த வீட்டைத் தேடிப் போவதில்லை. முறைவைத்து வீடுகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். லடாக்கில் வருமானத்தின் ஒரு பகுதி ஊர்ப் பொது நிதிக்கும் போகிறது. உங்கள் ஊரில் அறை உள்ள வீடு படுக்கையைக் கொடுக்கட்டும். அறை இல்லாத வீடு காலை உணவைக் கொடுக்கட்டும். இன்னொரு வீட்டு இளைஞர் குழந்தை வேலப்பர் கோவிலையும் படிக்கட்டு வயல்களையும் சுற்றிக் காட்டட்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை வடுகபட்டிச் சந்தைக்கு மொத்தமாக ஏற்றும் முன், ஒரு பங்கைப் பதப்படுத்திக் குறியீட்டு முத்திரையோடு வாசலிலேயே விற்கலாம். அறை வாடகையைவிடப் பூண்டு உங்களுக்கு உறுதியான வருமானம் தரும் என்று நினைக்கிறேன்.

இ-பாஸ் (மலைக்கு வரும் வாகனங்கள் இணையத்தில் பெற வேண்டிய அனுமதி) பற்றி: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது; 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. வரம்பு மலைக்கு நல்லது. ஆனால் அரசுப் பேருந்துகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது. எனவே ஒரு கார் குறையும் இடத்தில் ஒரு பேருந்து கூடினால் சோளம் விற்பவருக்கு இழப்பு இல்லை. நீங்கள் கோர வேண்டியது வரம்பை நீக்குவதை அல்ல, கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் கூடுதல் பேருந்துகளை.

கேள்வி: ஒகேனக்கலில் என் தந்தை பரிசல் ஓட்டுகிறார். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை. சில ஆண்டுகளில் வாரக்கணக்கில் வீட்டில் அடுப்பெரிவது சிரமம். ஒகேனக்கலை மேம்படுத்துகிறார்கள் என்று கேள்விப்படும்போது மகிழ்ச்சியைவிட அச்சமே வருகிறது. என்ன செய்யலாம்?
(வாசகர், பென்னாகரம்)

பதில்: உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். தமிழ்நாட்டில் ஏழைகளின் கைக்கு நேரே பணம் போகும் சுற்றுலா ஓர் இடத்தில் இயல்பாகவே உருவாகியிருக்கிறது என்றால் அது ஒகேனக்கல்தான். பரிசல் ஓட்டுகிறவர், எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுகிறவர், பயணி வாங்கிக் கொடுத்த மீனை வறுத்தும் குழம்பு வைத்தும் கொடுக்கும் பெண் ஆகிய மூவருமே நடுவில் பெரிய முதலாளி இல்லாமல் தங்கள் உழைப்புக்குப் பயணியிடமே கூலி பெறுகிறார்கள். இப்படி ஓர் அமைப்பைப் புதிதாக உருவாக்க மற்ற நாடுகள் எவ்வளவோ பாடுபடுகின்றன. மேம்பாடு என்ற பெயரில் வரும் எந்த வரைபடமும் முதலில் இந்த மூவரின் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகுதான் கட்டடத்தையும் வாகன நிறுத்தத்தையும் வரைய வேண்டும்.

வெள்ளத்தில் தடை விதிப்பதை எதிர்க்க வேண்டாம். அந்த ஆற்றில் உயிர்கள் போயிருக்கின்றன. ஆனால் தடைக்காலத்தின் பாரம் முழுவதும் பரிசல்காரர் தலையிலேயே விழ வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை இருக்கும்போது, கடல் மீனவக் குடும்பங்களுக்குத் தமிழக அரசு நிவாரணம் தருகிறது. அந்தத் தொகை இப்போது 8,000 ரூபாய். பொது நலனுக்காக அரசு ஒருவரின் தொழிலை நிறுத்தினால் அந்த நாட்களுக்கு ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆற்றில் விதிக்கும் தடைக்கும் அதே கொள்கையைப் பொருத்தும்படி கேட்பது சலுகை கேட்பதாகாது. பரிசல் கட்டணத்தில் ஒரு சிறு பங்கைத் தடைக்கால நிதியாக ஒதுக்கிவைக்கும்படியும் சங்கத்தின் வழியாகக் கோரலாம். கோரிக்கையோடு, கடந்த சில ஆண்டுகளில் எந்தெந்தத் தேதிகளில் எத்தனை நாட்கள் தடை இருந்தது என்ற பட்டியலையும் இணையுங்கள். தேதியில்லாத மனு மேசையிலேயே தங்கிவிடும்.

மீன் வறுக்கும் பெண்களுக்கும் மற்றத் தெரு வியாபாரிகளுக்கும் 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒரு முன்மாதிரி. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அது நகர்ப்புறங்களுக்கானது, ஆனாலும் ஒகேனக்கல் போன்ற ஊரில் அமைக்கப்படும் எந்த மேம்பாட்டுக் குழுவிலும் இதே விகிதத்தைக் கேட்க அது நல்ல சான்று.

கேள்வி: நான் மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஊராட்சியின் தலைவர். எங்கள் ஊருக்கு இப்போதுதான் பயணிகள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?
(ஊராட்சித் தலைவர், திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: நிலத்திலிருந்து. விளம்பரப் பலகை வைக்கும் முன்பே நிலம் விலை பேசப்பட்டுவிடும். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலம்) இருக்கிறதா, அது இன்று யார் அனுபவத்தில் இருக்கிறது, புறம்போக்கும் மேய்ச்சல் நிலமும் ஓடைக்கு இறங்கும் பாதையும் எங்கே என்பதை வருவாய்த் துறைப் பதிவேட்டில் பார்த்து, கிராம சபையில் படித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். குமரகம் தாமதமாகத் தொடங்கியதால் இழந்தது இதைத்தான்.

அடுத்து, ஊராட்சியின் கையிலேயே இருக்கும் வருவாய் வழிகளைப் பாருங்கள். வாகன நிறுத்தக் கட்டணமும் கடை ஏலமும் பெரும்பாலும் பணம் படைத்த ஒருவருக்கே போகும். அவர் கீழ்க்குத்தகைக்கு விட்டு, ஏழை வியாபாரியிடம் நாள் வாடகை வசூலிப்பார். ஏலத்துக்குப் பதிலாக மகளிர் கூட்டமைப்பிடம் ஒப்படைக்க விதிமுறையில் எந்த அளவுக்கு இடம் இருக்கிறது என்று வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். கழிப்பறையைப் பராமரிக்கிறவருக்கு மாதச் சம்பளம், முகக்கவசம், கையுறை ஆகியவை அந்த வருவாயிலிருந்தே போகட்டும். வருகிறவர் விட்டுச்செல்லும் குப்பையை அள்ளும் வேலை மட்டும் ஒரு சாதியின் தலையில் விழுமானால், அந்தச் சுற்றுலா ஊருக்கு வராமலே இருக்கலாம்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூலிக்குப் போகிறவர்கள் காலை பத்து மணிக் கூட்டத்துக்கு வர இயலாது என்பதால், இதற்கு முந்தைய மாலைகளில் ஒவ்வொரு தெருவிலும், காலனியிலும் தனித்தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். ‘சுற்றுலா வேண்டுமா?’ என்று கேட்காதீர்கள். ‘எந்த இடத்துக்கு வெளியாட்கள் வரக் கூடாது, எந்த நாளில் வரக் கூடாது, நீங்கள் எதை விற்க விரும்புகிறீர்கள், எதை விற்கவே மாட்டீர்கள்?’ என்று கேளுங்கள். குலசாமிக் கோவிலைப் படமெடுப்பதில் விருப்பமில்லை என்று ஒரு தெரு சொன்னால், அது வரைபடத்தில் இருக்கக் கூடாது.

இந்தப் பதில்களை எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தோடு அருகில் இருக்கும் இரண்டு மூன்று விடுதிகளுக்குப் போய், அவர்களின் ஒரு வாரக் கொள்முதல் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் மண்ணில் விளையும் பொருள்களில் ஏதேனும் ஐந்தையாவது அந்தப் பட்டியலில் காண்பீர்கள். முதல் ஒப்பந்தத்தை அந்த ஐந்துக்கு மட்டும், மூன்று மாதங்களுக்கு மட்டும் போடுங்கள்; பணம் எத்தனை நாளில் கொடுக்கப்படும் என்பதையும் அதில் எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.